எண்ணாமல் எழுதிய இருபது

செவிலியர் படிப்பில் முதலில் கற்றுத்தருவது நோயாளியின் மூச்சை எண்ணுவதை. வார்டுக்குப் போனதும் முதலில் கைவிடுவதும் அதைத்தான். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். கட்டிலோரம் நின்று நின்று குதிகால் வீங்கிய தோழிகளே, கீழே இருப்பதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. உங்கள் வார்டுக்கு வேறு எண், உங்கள் சிஸ்டருக்கு வேறு முகம், அவ்வளவுதான்.

சட்டைக் கறை

மூச்சை எண்ணுவதில் ஒரு தந்திரம் உண்டு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். வகுப்பில் பொம்மையைப் படுக்கவைத்துச் சொல்லித்தந்தார்கள். பொம்மை மூச்சு விடாது. திருப்பி முறைக்கவும் செய்யாது.

எனக்கு முதலில் கிடைத்தவர் கால் முறிந்து கிடந்த ஒரு லாரி டிரைவர். பெரிய மீசை. நான் வீட்டுக்கு வரும் மாமாக்களிடமே தலை நிமிர்ந்து பேசாதவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பையே பார்த்தபடி மனசுக்குள் பதினாறு, பதினேழு என்று போய்க்கொண்டிருந்தேன். அவர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இன்னாம்மா, சட்டைல எதுனா ஊத்திகினேனா?"

வசந்தி சொன்ன வழி

அந்த வரிசை முழுவதும் சிரித்த சிரிப்புக்குப் பிறகு, நான் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினேன். அப்புறம் கால் நிமிடம். அப்படியும் என் அறைத்தோழி வசந்தி தன் கட்டில்களை முடித்து நாஸ்தாவுக்குக் கிளம்பும்போது நான் ஆறாவது கட்டிலில் நிற்பேன்.

ஒருநாள் அவள் தன் தாள்களை என்னிடம் விரித்துக் காட்டினாள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறு, நாடி வேறு. மூச்சு மட்டும் எல்லோருக்கும் இருபது, யாருக்கும் சந்தேகம் வராத சராசரி எண். அன்றிலிருந்து என் தாள்களிலும் இருபதுதான். பழக்கதோஷத்தில் மணிக்கட்டை மட்டும் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிடித்தேனே தவிர எண்ணவில்லை. யாராவது சரிபார்த்தால் என்ன செய்வது என்று நான் பயந்தபோது வசந்தி சொன்னாள்: "விட்டு முடிச்ச மூச்சை எவடி திரும்பப் புடிச்சு எண்ணப் போறா?"

திரை

இரண்டாம் ஆண்டில் தொழில் அறம் என்று ஒரு பாடம். பரிவு, நேர்மை, நோயாளியின் மாண்பு என்று மேடம் சொல்லச் சொல்ல எழுதி, அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்தோம். மாண்பு என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: 'உடல் துடைக்குமுன் திரை இடுக.' எங்கள் பெண்கள் வார்டில் திரை ஒன்றே ஒன்று. அது கண்ணாடி உடைந்த ஜன்னலில், கேன்டீன் புகையைத் தடுத்துக்கொண்டு நின்றது.

செய்முறைத் தேர்வன்று அதை எடுத்துத் தூசி தட்டி என் நோயாளியைச் சுற்றி வைத்தார்கள். என் நோயாளி கன்னியம்மா. புதுப்பட்டினத்துக்காரர், கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக மீன் விற்பவர். கர்ப்பப்பையை எடுக்க வந்தவர், உடம்பில் ரத்தம் குறைவு என்று ஒரு வாரமாகக் காத்துக்கிடந்தார். நான் மெலிந்திருந்ததால் எனக்கு நெத்திலி என்று பெயர் வைத்திருந்தார். தேர்வாளர் முன் அவர் உடம்பைத் துடைத்தேன். மாண்புக்கு முழு மதிப்பெண். தேர்வாளர் வாசலைத் தாண்டியதும் திரை ஜன்னலுக்குத் திரும்பிப் போனது. நான் இன்னும் ரவிக்கைக்குக் கடைசி ஊக்கு மாட்டியிருக்கவில்லை. கன்னியம்மா திறந்த வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு வாரமா இல்லாத வெக்கம் இன்னிக்கு மட்டும் எனுக்கு எங்கேந்து வந்துச்சு நெத்திலி?"

முப்பத்தாறு

கன்னியம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் காலை. வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடித்தேன். வழக்கம்போல் அவர் விசாரித்தார்: "இன்னா நெத்திலி, நாஸ்தா…" நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "…துன்னியா?" ஒரு கேள்வியை இரண்டாக உடைத்துக் கேட்கிற ஆள் இல்லை அவர். மாதக்கணக்கில் செய்யாததைச் செய்தேன். கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு.

எழுதி எடுத்துக்கொண்டு வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். கெட்டவர் இல்லை அவர். நாற்பது கட்டிலுக்கு ஒற்றை ஆள். விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். தாளைப் பார்த்தார். என் முப்பத்தாறுக்கு மேலே மூன்று நாளாக இருபது, இருபது, இருபது. பாதி என் கையெழுத்து.

"நேத்து நீதான எண்ணின?"

"ஆமா சிஸ்டர்."

"நிஜமா எண்ணினியா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முப்பத்தாறு உண்மையாகியிருக்கும். திட்டுவார்கள் என்று பயந்தேனா, வசந்தியும் மாட்டுவாளே என்று பயந்தேனா, இன்றுவரை தெரியவில்லை. "எண்ணினேன் சிஸ்டர்" என்றேன்.

"அப்ப இன்னிக்குத்தான் தப்பா எண்ணியிருக்க. ரவுண்ட்ஸ் வர நேரம், வேற தாள்ல எழுதி வை" என்றார். பழைய இருபதுகளைப் பார்த்து எழுதி, கடைசியில் இன்னொரு இருபதைச் சேர்த்தேன். பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார், எப்படி இருக்கிறது என்று கேட்டார், கன்னியம்மா "நல்லா கீறேன்" என்றார், டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். சிஸ்டர் அவர் பின்னால் நடந்தபடி என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா, எவ்ளோ நீட்டா இருக்குன்னு."

டம்ளர்

மறுநாள் காலை அந்தக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். முந்தின நாள் மதியமே மூச்சுத் திணறல் அதிகமாகி, சென்னைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பியிருக்கிறார்கள். வண்டி தாம்பரம் தாண்டும்வரை அவர் உயிர் தாங்கவில்லை.

நான்கு நாள் கழித்து, கட்டிலோர அலமாரியில் விட்டுப்போன எவர்சில்வர் டம்ளரைக் கேட்டு அவர் மகள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். டம்ளரைத் துடைத்துக் கொடுக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வாக்கியத்தைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "நீங்கதான் நெத்திலியா? மத்தவங்கல்லாம் நின்ன எடத்துலயே எழுதிகினு பூடுவாங்களாம், நீங்க மட்டுந்தான் கையப் புட்சிகினு நிப்பீங்கன்னு அம்மா சொல்லிகினே இருக்கும்."

எடுத்துக்காட்டு

இப்போது சிறுசேரிக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளர். ஜன்னலுக்கு வெளியே கம்ப்யூட்டர் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருக்க, உள்ளே நான் தொழில் அறம் நடத்துகிறேன். நேர்மை என்ற தலைப்பு வரும்போது கன்னியம்மா கதையைச் சொல்வேன், "ஒரு மாணவி" என்று. அந்த மாணவி யார் என்று சொன்னதில்லை. இந்த வருடம் முன் பெஞ்சில் ஒரு பெண் அழுதேவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவள், இது ரெண்டு மார்க் கேள்வியா ஐந்து மார்க் கேள்வியா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மருத்துவமனைப் பயிற்சியில் தாள்களைத் திருத்தினேன். ஒரு வரிசை முழுக்க இருபது. அழகான கையெழுத்து. எழுதியவளைக் கூப்பிட்டேன். வந்து நின்றது அழுத பெண். "நிஜமா எண்ணினியா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், என் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எண்ணினேன் மிஸ்."

மூச்சை எண்ணக் கற்றுத்தர ஒரு நிமிடம் போதும், ஆனால் எண்ணவில்லை என்று சொல்லக் கற்றுத்தர எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு பீரியட்கூட ஒதுக்கவில்லை, ஒதுக்கியிருந்தாலும் அதை நடத்த என்னைத்தான் அனுப்பியிருப்பார்கள்.