பெஞ்சில் காலியாக இருந்த இடம்

இது நடந்தது. தேதி, கிழமை, மணி எல்லாம் இருக்கிறது. பேயாவது பிசாசாவது என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். லாசரஸும் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்தான். வேளை கெட்ட வேளையில் சுடுகாட்டுப் பக்கம் போய்ப் பயந்துவிட்டு வந்தார் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாமே பட்டப்பகலில், ஊரே விழித்திருக்கும் நேரத்தில் நடந்தது.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குத் திரும்பும் முனையில் லாசரஸ் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வயது நாற்பது. மனைவி ரத்தினபாய் டீச்சர். ஒரே மகள் அமலராணிக்கு ஆறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அவள் ரெண்டு தடவை தும்மினால் போதும், மனுஷன் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கெட்ட பழக்கம் என்று நான் சொல்வேன், திறமை என்று அவர் சொல்வார். அவர் கேமரா, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பெட்டிக் கேமரா. வயிற்றோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அவர் உடம்பை ஒரு திசையில் வைத்துக்கொண்டு, கேமராவை மட்டும் இன்னொரு திசையில் திருப்பிவிடுவார். ஏதோ ரிப்பேர் பார்க்கிறவர் போலக் குனிந்துகொண்டு நிற்பார். பக்கத்தில் இருப்பவருக்குத் தன்னைத்தான் எடுக்கிறார் என்பதே தெரியாது. மீன் விற்கிறவள், வண்டிக்கு ஓடுகிறவள், பிள்ளைக்குத் தலை வாருகிறவள் என்று இப்படிப் பிடித்த முகங்களைப் பெரிசாகப் போட்டு ஸ்டூடியோ வாசல் ஷோகேஸில் மாட்டுவார். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"கேட்டா மூஞ்சி மாறிப்போயிடும். அப்புறம் எடுத்து என்ன பிரயோஜனம்?" என்பார்.

குரோம்பேட்டை வக்கீல் ஸ்ரீநிவாசராகவன் அவருக்கு நல்ல சிநேகிதர். அவரும் இதற்கு ஒத்து ஊதினார். "பொது இடத்துல இருக்கறவாளை எடுக்கப்படாதுன்னு சட்டத்துல எங்கேயும் இல்ல ஓய். நெகடிவ் உம்முது, படம் உம்முது. எவன் வந்து கேட்டாலும் என்கிட்ட அனுப்பும்." அதற்குப் பிறகு லாசரஸைக் கையில் பிடிக்க முடியவில்லை.

1969, மார்ச் 11. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு முப்பத்தைந்து.

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடியில், சிமெண்டு பெஞ்சின் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சாயம் போன பச்சைப் புடவை. மடியில் ஒரு துணிப்பை. முகத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அப்படி ஒரு வெளிச்சம் அமைவது வருஷத்தில் ஒரு தடவைதான். லாசரஸ் உடம்பைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு குனிந்தார்.

"என்னை எடுக்காதீங்க."

அவள் இவரைப் பார்க்கவே இல்லை. எதிரே பார்த்தபடியே சொன்னாள்.

"இல்லம்மா, பிலிம் சுத்திட்டிருக்கேன்" என்றார் லாசரஸ். சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கிவிட்டார்.

நிமிர்ந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. வண்டி எதுவும் வரவில்லை. எழுந்து போனவளின் செருப்புச் சத்தமும் கேட்கவில்லை. கோபத்தில் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

படம் அற்புதமாக வந்தது. மூன்று பிரதிகள் போட்டார். ஒன்று ஷோகேஸில், அமலராணி பிறந்தநாள் கவுனில் சிரிக்கும் படத்துக்குப் பக்கத்தில். ஒன்று ஆல்பத்தில். ஒன்றை ஸ்ரீநிவாசராகவன் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு அவள் வந்தாள். ஷோகேஸ் எதிரே நின்று தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பச்சைப் புடவை, அதே பை. காலில் செருப்பு இல்லை. மார்ச் மாதத் தார் ரோடு அந்த நேரத்தில் எப்படிக் கொதிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அவள் கால் மாற்றிக்கூட நிற்கவில்லை.

"எடுத்துடுங்க" என்றாள்.

"இதுல என்னம்மா தப்பு? நல்லாத்தானே இருக்கு?"

"நான் வேணாம்னு சொன்னேன்."

வக்கீல் சொன்னதையெல்லாம் லாசரஸ் ஒப்பித்தார். பொது இடம், சட்டத்தில் தடை இல்லை, நெகடிவ் என்னுடையது. சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லி முடித்தார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை. அதே இரண்டு நாற்பது.

இந்தத் தடவை அவள் தன் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"என் பொண்ணு."

"பேரு?"

"அமலராணி" என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னோம் என்று உடனே மனசு அடித்துக்கொண்டது.

"நீங்க கேக்காம எடுப்பீங்க. நான் கேட்டுட்டுத்தான் எடுப்பேன்" என்றாள் அவள்.

அவள் போன பிறகு ஷோகேஸைப் பார்த்தார். ஏதோ சரியாக இல்லை. என்னவென்று புரியவில்லை. படத்தில் அவள் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தாளே... இப்போது கொஞ்சம் இடது பக்கமாக இருப்பது போலத் தெரிந்தது. கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சர்ச்சில் அவருக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை, மார்ச் 17. பகல் ஒன்று ஐம்பதுக்கு ஸ்ரீநிவாசராகவன் வந்தார்.

"என்ன ஓய், எனக்கு வேற படம் குடுத்துட்டீரா? நீர் காட்டினப்போ அவ நடுவுல இருந்தா. எங்காத்துச் சுவத்துல ஓரத்துல உக்காந்துண்டிருக்கா."

லாசரஸ் ஆல்பத்தைத் திறந்தார். ஓரத்தில் இருந்தாள். வாசலுக்குப் போய் ஷோகேஸைப் பார்த்தார். அதிலும் ஓரத்தில்தான். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டிருந்தாள். பஸ்ஸில் தெரிந்தவர் ஏறினால் நாம் நகர்ந்து உட்காருவோமே, அப்படி.

வக்கீலை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, நெகடிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் அவள் நடுவில்தான் இருந்தாள். உயிர் வந்தது. இன்னொரு பிரதி போட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று படம் கழுவும் டார்க்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டார்.

மணி மூன்று அடிக்க ஐந்து நிமிஷம்.

சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... சொட்...

காகிதத்தைத் தட்டிலிருந்த டெவலப்பர் மருந்தில் போட்டார். தட்டை மெல்ல ஆட்டினார்.

முதலில் பெஞ்சு வந்தது.

பிறகு அவள். ஓரத்தில்.

மருந்து சட்டையில் தெறித்தது.

காலியாக இருந்த இடத்தில் ஏதோ வரத் தொடங்கியது...

இரண்டு சின்ன ஷூக்கள்.

வெள்ளை சாக்ஸ்.

கவுனின் ஓரம். அதில் வைத்துத் தைத்த லேஸ். ரத்தினபாய் கையால் தைத்த லேஸ்.

குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். அவர் தோளுக்கு மேலே... குனிந்து... அவர் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு.

"கேட்டேன். சரின்னு சொல்லிச்சு."

தடதடவென்று கதவு இடிபட்டது. வெளியே பள்ளிக்கூட ஆயா செல்லம்மாவின் குரல். "சார், கதவத் தொறங்க சார். பாப்பா கிளாஸ்ல மயக்கம் போட்டு வுழுந்துடுச்சு. ஒடம்பு கொதிக்குது."

தட்டில் இப்போது கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. முகம்தான் பாக்கி.

லாசரஸ் வெள்ளை விளக்கைப் போட்டார்.

காகிதம் கறுத்தது. ஓரத்திலிருந்து நடுவுக்குக் கறுத்து, முழுக்கக் கரியாகிவிட்டது. அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

ரத்தினபாயைக் கூப்பிட்டுக்கொண்டு பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோகும்படி செல்லம்மாவிடம் சொல்லி அனுப்பினார். டாக்டர் பார்ப்பார், இதை நாம்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது அந்தப் பக்கம் போகாமல் இருக்க எவ்வளவு பயம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நெகடிவைத் துண்டு துண்டாக வெட்டினார். ஷோகேஸ் படத்தையும் ஆல்பம் படத்தையும் பிய்த்தெடுத்தார். சைக்கிளில் குரோம்பேட்டைக்குப் பறந்து, வக்கீல் வீட்டுச் சுவரிலிருந்து மூன்றாவதையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஸ்டூடியோவின் பின்பக்கம் வைத்து எல்லாவற்றையும் கொளுத்தினார். சாம்பலாகும் வரை நின்று, தண்ணீர் ஊற்றினார்.

"இனிமே யாரையும் கேக்காம எடுக்கமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

ஆறு பத்துக்கு அமலராணிக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தவள், அப்பாவைப் பார்த்ததும் கேட்டாள்.

"அந்த அக்கா போய்ட்டாங்களா?"

"எந்த அக்கா?"

"பச்சைப் பொடவை அக்கா. ஸ்கூல் கேட்டுல நின்னாங்க. பக்கத்துல வந்து உக்காரியா, போட்டோ எடுக்கலாம்னு கேட்டாங்க. சரின்னேன்."

லாசரஸ் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ரத்தினபாய் அவரைக் கண்டபடி திட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். திருவிழாக் கூட்டத்தில்கூட ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுத்தான் எடுப்பார். "லாசரஸ் காக்காயைக்கூடக் கேட்டுட்டுத்தான் எடுப்பாரு" என்று ஊரில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவள் மறுபடி வரவில்லை. எட்டு வருஷம் ஓடிப்போனது. முடிந்தது என்றே நினைத்திருந்தார்.

1977 பிப்ரவரி. ஒரு புதன்கிழமை. பெருங்களத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் படம் எடுக்க அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் தயாளன். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். அதற்கு முன் லாசரஸ் அவரைப் பார்த்ததே இல்லை.

பதினொன்று இருபதுக்கு லாசரஸ் உள்ளே நுழைந்தார். கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. மாலை போட்டிருந்தார்கள்.

பிளாட்பாரம். சிமெண்டு பெஞ்சு. பச்சைப் புடவைக்காரி.

கீழே எழுதியிருந்தது. கங்கையம்மாள். மறைவு: 9-3-1969.

அவர் அந்தப் படத்தை எடுத்தது பதினோராம் தேதி.

"எங்க அக்கா சார்" என்றார் தயாளன். "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னு டேசனுக்கு வந்தோம். டிக்கெட் வாங்கினு வர்றதுக்குள்ள அதே பெஞ்சுல உயிரு போயிடுச்சு. போட்டோன்னாலே புடிக்காது அதுக்கு. ஒரு படம் கெடையாது. பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு வாசல்ல இது கெடந்துச்சு. யாரு வெச்சாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியல."

பதினாறாம் நாள் என்றால் மார்ச் 24. லாசரஸ் எல்லாவற்றையும் எரித்துச் சரியாக ஒரு வாரம் கழித்து.

அவர் இன்னும் பக்கத்தில் போனார்.

பெஞ்சில் கங்கையம்மாள் தனியாக இல்லை.

"அது யாருன்னுதான் தெரியல சார். மொதல்ல ஆறு வயசுக் கொயந்தை மாதிரி இருந்துச்சு. வருஷா வருஷம் வளருதுன்னு எங்கம்மா சொல்லும். நாங்க சிரிப்போம். பாவம், அதுவும் போய்ச் சேந்த புள்ளதானேன்னு, அதுக்கும் சேத்துத்தான் திதிக்குப் படைக்கிறோம்."

கண்ணாடிமேல் இரண்டு நெற்றியிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். மாலை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாகத் தொங்கியது.

அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது இருக்கும். இரட்டைப் பின்னல். பள்ளிக்கூடத் தாவணி. இடது கட்டைவிரலில் வெள்ளைத் துணிக்கட்டு.

அன்று காலை எட்டு மணிக்குத்தான் அமலராணியின் விரல் கதவிடுக்கில் நசுங்கியது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டு போட்டவர் லாசரஸ்தான்.

"அதைக் கழட்டிடுங்க" என்றார். மறுபடி சொன்னார். "அந்தப் படத்தைக் கழட்டிடுங்க."

தயாளனின் முகம் இறுகியது. "எங்க வூட்டுப் படம் சார் அது. நீங்க யாரு சொல்றதுக்கு?"

"அது... என் பொண்ணு."

தயாளன் படத்தைப் பார்த்தார். லாசரஸைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே. எப்ப தவறுச்சு சார்?"

லாசரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இருபத்தைந்து. இந்நேரம் அமலராணி கிளாசில்தான் இருப்பாள் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை.