படுக்கவைத்து அளந்த பலகை

ஜைலோசிக்கு முன்பல் கிடையாது. ஷைரே ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் உயரத்தை அளந்து, விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது அவன் வேலை. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைத்தான் மலேரியா அதிகம் பிடிக்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பல்லை உடைத்தது நாமிலெம்பா ஊர்.

தப்பு அவன் பேரில்தான். கைக்குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து அளப்பான். நடக்கிற பிள்ளையை நிற்கவைப்பான். அந்த ஊர்ச் சிறுமி திசுங்கே நடக்கிற பிள்ளை. அன்றைக்குக் காய்ச்சலில் கால் ஊன்ற முடியாமல் துவண்டாள். நீட்டிப் படுக்கவைத்தே அளந்துவிட்டான். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பெற்றவர்கள் விடியட்டும் என்று இருந்தார்கள். விடியும் முன்னே அவள் செத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் படுத்த உடம்பை அளப்பவர்கள் குழி வெட்டுகிறவர்கள் மட்டுமே. அளந்த நாணல் குச்சியையும் பிணத்தோடு புதைத்துவிடுவார்கள். வடக்கு மலைக்காரன் ஜைலோசிக்கு இது தெரியாது. திசுங்கே செத்ததும் தெரியாது. அதே பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த மாதம் வந்து இறங்கினான்.

முதல் கல் நெற்றியைப் பிளந்தது.

"ரத்தம் குடிக்கிறவன் வந்துட்டான்டா!"

விழுந்தவனின் வாயிலேயே மண்வெட்டிக் காம்பால் அடித்தான் திசுங்கேயின் தகப்பன் பிசிவெக்.

"எம்மவளுக்குக் குழி அளந்தவன்தானே நீ? இன்னைக்கு உனக்கு அளக்கிறோம். படுடா!"

பலகையில் போட்டு மிதித்தார்கள். கால்கள் வெளியே நீண்டன.

"ஆளு நெட்டைடா," என்று ஒருவன் சிரித்தான். "முழங்காலோட வெட்டிட்டா சரியா இருக்கும்."

அரிவாள் கைமாறி வந்தது. பிசிவெக்கின் மனைவி எனிஃபா பக்கத்தில் நின்றாள். அவள் முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தையின் தலை வெட்டி வெட்டி இழுப்பதை ஜைலோசி பார்த்தான். ரத்தத்தைத் துப்பினான்.

"அண்ணே, என்னை அப்புறமா வெட்டுங்க. பையனுக்கு இழுக்குது பாருங்க. உங்க மகளுக்கு வந்த அதே காய்ச்சல்."

"இவனையும் அளக்கணுமாடா உனக்கு?"

காம்பு தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அளக்க மாட்டேன்... பலகையைப் புதைச்சிடுங்க... சைக்கிளை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனிஃபா முதுகிலிருந்த பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். நேரே வந்து புருஷன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"ஒண்ணைப் பொதைச்சாச்சு. இதையும் பொதைக்கப் போறியா? ஏறி மிதிய்யா சைக்கிளை!"

அரிவாள்காரன் விலகி வழி விட்டான்.

பையன் பிழைத்துக்கொண்டான். பலகையைப் பிசிவெக் மகளின் மண்மேட்டு ஓரத்தில் புதைத்தான். ஜைலோசியோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கோணிப்போன தோளோடு ஜைலோசி இன்னும் அந்த ஊருக்குப் போகிறான். துவண்ட பிள்ளையைக் கண்டால் புதுப் பலகையை அவிழ்ப்பதில்லை. சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து திரும்புகிறான்.