மீன் ஈரலில் காரீயம்

பிள்ளைகளா, அப்பா ஆய்வுக்கூடத்தில் வேன் ஓட்டுகிறார் என்று நீங்கள் பள்ளியில் சொல்வது சரிதான். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு முன்னே வருவது வேன் அல்ல, ஒரு மீன் ஈரல். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கையுறை போட்ட உள்ளங்கையில், பித்தப்பை உடையாமல், முழுசாகக் கிடக்கிறது. அந்தக் கை என்னுடையது அல்ல. அதைத்தான் என்னால் வெகுநாள் தாங்க முடியவில்லை.

குளங்களில் மீன் பிடிப்போம். கரை மரங்களில் கூடு கட்டும் கொக்குகள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்குவோம். கழிவுநீரில் வரும் காரீயமும் பாதரசமும் அவற்றின் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று, ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரம்மா அளந்து பார்ப்பார். அளப்பது துளியிலும் துளி; வெளியே இருந்து ஒரு பொடி ஒட்டினாலும் கணக்கு கெட்டுவிடும். அதனால் களத்தில் எப்போதும் இருவர். ஒருவர் சுத்தக் கை; மீனையும் கத்தியையும் தவிர எதையும் தொடமாட்டார். மற்றவர் அழுக்குக் கை. வலை, பெட்டி, வேன் கதவு எல்லாம் அவர் பாடு. சுத்தக் கைக்காரர் மறந்து எதையாவது தொட்டுவிட்டால், கையுறையை மாற்றச் சொல்ல வேண்டியதும் அழுக்குக் கைக்காரர்தான். ஒன்பது வருஷம் நான்தான் சுத்தக் கை.

பிறகு கிள்ளான் அண்ணே வந்தார். கிள்ளான் ஊர்ப் பாசாரில், சந்தைக் கடையில், மீன் விற்றவர். கடையை விட்டபின் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எங்களோடு சேர்ந்தார். முதல் நாளே ஒரு திலாப்பியா மீனின் வயிற்றைக் கீறி, நான் கண் இமைப்பதற்குள் ஈரலை எடுத்து நீட்டினார்.

"அங்கிள், என்ன கை லா இது!" என்று டாக்டரம்மா வாயைப் பிளந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க வலையைப் பார்த்துக்குங்க அண்ணே. ஓகேதானே?" என்றார்.

"ஓகே டாக்டர்" என்றேன். வயிறு எரிந்தது. அந்த வாரம் மீன் குழம்பு கசக்கிறது என்று நீங்கள் தட்டைத் தள்ளினீர்களே, நினைவிருக்கிறதா? அம்மா வைத்த குழம்பில் குறையில்லை. அவரைப் போல வெட்டிப் பழகுகிறேன் என்று சமையலறையில் நான் உடைத்த பித்தப்பைதான் அது.

சில மாதம் கழித்து ஒரு காலையில், கிள்ளானுக்கு அப்பால் ஒரு குளத்தில் நான் இழுத்த வலை வேரில் மாட்டிக்கொண்டது. கூடை சாய்ந்தால் யோசிக்காமல் கையை நீட்டுவது பாசார்க்காரர் பழக்கம். கிள்ளான் அண்ணே தாவி வந்து வலையின் அடிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்தக் கயிறு முழுக்க, வலை மூழ்குவதற்காகக் கட்டிய காரீயக் குண்டுகள்.

"என்ன தம்பி, வீட்ல சோறு போடறதில்லையா?" என்று சிரித்தவர், அதே கையுறையோடு கத்தியை எடுத்தார்.

புதுக் கையுறைப் பெட்டி என்னிடம்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எட்டு மீன், எட்டு ஈரல். ஒவ்வொன்றும் அழகாக, முழுசாக வந்தது.

முடிவுகள் வந்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். "கொக்கு இறகுல காரீயம் கொஞ்சம்தான் இருக்கு. அந்தக் குளத்து மீனைத் தின்னுதான் அது வளருது. அப்புறம் மீன் ஈரல்ல மட்டும் எப்படி இவ்வளவு?"

கிள்ளான் அண்ணே தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலையே டாக்டர். வெட்டினது நான்தான். தப்பு என் கையிலதான் இருக்கும்."

"இந்த மாசத்தோட உங்க கான்ட்ராக்ட் முடியுது அங்கிள். இப்படி ஆச்சுன்னா இன்னொரு வருஷம் நீட்டச் சொல்லி நான் மேலிடத்துல எப்படிக் கேட்கறது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. உள்ளுக்குள் ஓர் ஓரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபடியும் நான்தான் சுத்தக் கை என்று கணக்குப் போட்டது மனசு.

அன்று அவரைச் சீக்கிரம் போகச் சொல்லிவிட்டார்கள். ரயில் நிலையம் வரை வேனில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது அவர் சொன்னார்: "வலையில கிலையில பட்டிருப்பேனோன்னு யோசிச்சுப் பார்த்தேன் தம்பி. பட்டிருக்காது. பட்டிருந்தா நீ அங்கேயே கத்தியிருப்ப லா."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் படியேறிப் போனார்.

நான் திரும்பி வந்தபோது எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் கைமேல் இருந்த பொறாமை அப்போதும் போகவில்லை. இதை எழுதும்போதும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். களக் குறிப்புப் புத்தகத்தில் அந்தக் காலைக்குரிய பக்கத்தைத் தேடி எடுத்தேன். அவர் வலைக்கயிற்றைத் தொட்டார், நான் பார்த்தேன், கையுறையை மாற்றச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேசையில் வைத்தால் மற்றத் தாள்களோடு போய்விடும். அதனால் புத்தகத்தை விரித்தபடியே டாக்டரம்மாவின் நாற்காலியில் வைத்தேன். அதை எடுக்காமல் அவர் உட்கார முடியாது.