பூசாமல் விட்ட ஒரு முழம்

நஃப்தாலி சுவர் பூசுகிறவர். போலந்தின் கிழக்கு மூலையிலிருந்த அந்தச் சிற்றூரில் அவர் கரணை படாத வீடு குறைவு. எழுபத்தாறு வயதில் ஊரில் மிஞ்சிய ஒரே யூதரும் அவர்தான். உலகப்போரின்போது ரஷ்யர்கள் பிடித்துப்போய் சைபீரியாவில் மரம் வெட்ட வைத்திருந்ததால் தப்பினார். மற்றவர்களை ஜெர்மன்காரர்கள் ஒரே வாரத்தில் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர்கள் வீடுகளில் குடியேறியவர்களுக்கும் நஃப்தாலிதான் சுவர் பூசிக் கொடுத்தார். பிழைக்க வேண்டுமே.

யூதர்களின் ஜெபக்கூடம் மட்டும் ஆளில்லாமல் நின்றது. மாதா கோவிலைவிட உயரக்கூடாது என்று அந்தக் காலத்துக் கட்டளை. கட்டினவர்கள் தரையை மூன்று படி கீழே தோண்டி, உள்ளே உயரத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். நடுவில் வேதம் வாசிக்கும் மேடை, சுற்றி நான்கு தடித்த தூண்கள், அவற்றின் மேல்தான் கூரையின் மொத்தப் பாரமும். போருக்கு முந்தின வருஷம் உட்சுவரைப் பூசியவர் நஃப்தாலி. வாசலுக்கு நேரே ஒரு முழச் சதுரத்தை மட்டும் பூசாமல் செங்கல் தெரிய விட்டார். ஜெருசலேம் கோவில் இடிந்து கிடக்கையில் எந்தக் கட்டடமும் முழுமையாகிவிடக் கூடாது என்பது வழக்கம். அந்தத் துக்கத்தில் பிறகு தன் அம்மாவையும் தங்கைகளையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

போருக்குப் பின் நாற்பது வருஷம் அது தானியக் கிடங்கு. பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தபோது ஒருத்தரும் ஒரு கை சுண்ணாம்பு அப்பவில்லை. அப்புறம் திடீரென்று எல்லோருக்கும் பாசம் பொங்கியது. அருங்காட்சியகம் ஆக்கப்போகிறார்களாம். இஞ்சினியர் ஹலினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நஃப்தாலி கெஞ்சினார்.

"மத்ததெல்லாம் உன் இஷ்டம்மா. இந்தச் சதுரத்த மட்டும் தொடாத. இது ஓட்டை இல்ல, எங்க துக்கம்."

"கவலையே படாதீங்க ஐயா, எழுதி வச்சுக்கிட்டேன்."

எழுதித்தான் வைத்தாள். வேலையாட்களிடம் சொல்லவில்லை.

திறப்பு விழாவில் வாசலுக்கு நேரே சுவர் வழவழவென்று இருந்தது. மேயர் பொகுஸ்வாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா ஐயா, ஒரு கீறல் கிடையாது!"

அந்த ஊரில் நஃப்தாலியின் ஜனங்களுக்காக அழுதுகொண்டிருந்தது அந்த ஒரு முழம்தான். அதன் வாயையும் அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் உளியும் சுத்தியலுமாகப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அளவெடுத்து, ஓரம் பிசகாமல் சதுரத்தைக் கொத்தி எடுத்தார். மத்தியானம் வானொலியில் செய்தி வந்தது: ஜெபக்கூடத்தின்மேல் யூத வெறுப்பாளர்கள் தாக்குதல். சாயங்காலம் ஹலினாவையும் அழைத்துக்கொண்டு மேயர் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"எங்க ஊருக்கே அவமானம் ஐயா. எவன்னு கண்டுபிடிச்சு உள்ள தள்ளாம விடமாட்டேன்."

"நான்தான் பண்ணினேன்."

"பாவம், அதிர்ச்சில பேசறார்," என்றார் மேயர்.

ஹலினாவுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் தன் தப்பு வெளியே வரும். தலையைக் குனிந்துகொண்டாள்.

மேயர் தொடர்ந்தார். "நிம்மதியா இருங்க. திரும்பப் பூசியாச்சு, தடமே தெரியாது. வாசல்ல காவலும் போட்டுட்டேன். உங்க ஜனங்களுக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

"அவங்கள இழுத்துக்கிட்டுப் போனப்ப எங்கய்யா போச்சு இந்தக் காவல்?"

மேயர் பூங்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பெரியவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கும்படி ஹலினாவிடம் சொன்னார்.