ஜம்ஜம் கேனில் நான் ஊற்றிய தண்ணீர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். வாக்கியம் கோணல்மாணலாக வரும், மறதியும் கூடிவிட்டது. முன்னது பின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் படித்தால் நல்லது என்று எங்கள் தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸம்மா சொன்னார். நேரில் சொல்ல எனக்கு நா எழாது. அதனால் எழுதுகிறேன்.

காரைக்காலில் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு வெளியே ஒரு நீளமான நடை. அதன் பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நஸ்ரின் கிடந்தாள். இரண்டரை வயது. என் பேத்தியில்லை, சொந்தமும் இல்லை. திருமலைராயன்பட்டினத்தில் என் வீட்டை ஒட்டிய வீட்டில் இருக்கும் ஜமீலாவின் மகள். ஜமீலாவின் புருஷன் ஷார்ஜாவில். அவள் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போது பிள்ளையை என்னிடம் விட்டுப் போவாள். என்னை நம்பித்தான் விட்டுப் போவாள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஐப்பசியில் நான் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்விட்டு வந்தேன். என்னைப் போன்ற ஒண்டிக்கட்டைக்கு அது பெரிய பாக்கியம். அங்கே ஜம்ஜம் என்ற புனித ஊற்றின் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்தேன். போய்வந்தவரைப் பார்க்கத் தெருவே வரும். வருகிறவர்களுக்கு ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மடக்கு ஜம்ஜமும் கொடுப்போம். வீட்டுக்குக் கொண்டுபோகச் சின்ன பாட்டிலிலும் ஊற்றிக் கொடுப்போம். நாலாம் நாள் கேனில் நாலு விரல் உயரம்தான் மிச்சமிருந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. எங்கள் பக்கத்தில் ஜம்ஜம் குறைந்தால் வேறு தண்ணீர் சேர்த்துப் பெருக்கிக்கொள்வதுண்டு. அதன் அருள், பரக்கத்து, போகாது என்பார்கள். அதில் குற்றமில்லை. எந்தத் தண்ணீரைச் சேர்த்தேன் என்பதுதான் குற்றம்.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடிக்கும். கேன் தண்ணீருக்கு ருசியே இருக்காது. என் வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் லேசான உப்பு உண்டு. ஜம்ஜமுக்கும் ஏறக்குறைய அந்த ருசிதான். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். காய்ச்சினால் ருசி மாறிவிடும் என்று காய்ச்சவுமில்லை. ஒரு வாளி இறைத்து, துணியில் வடிகட்டி, பிஸ்மி சொல்லி ஊற்றினேன். வந்தவர்களுக்கு அதைத்தான் கொடுத்தேன், நானும் குடித்தேன், நஸ்ரினுக்கும் கொடுத்தேன்.

அந்தக் கிணற்றுக்கும் என் கக்கூஸ் குழிக்கும் நடுவில் நாலு எட்டுகூட இருக்காது. அந்த வாரம் மழையில் கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றது. இரண்டையும் தினம் பார்க்கிறவள் நான். சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து எனக்கு வயிறு கலங்கியது. பயணத்துச் சாப்பாடு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை நஸ்ரினுக்கு இரண்டு தடவை தண்ணீராகப் போயிற்று. நான் மருந்தென்று எதைக் கொடுத்தேன் தெரியுமா? அந்தக் கேனிலிருந்தே கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். சுகமாக வேண்டும் என்று மனதில் எண்ணி, நிய்யத்து வைத்துக் கொடுத்தேன். மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனது. அழுதாள், கண்ணில் தண்ணீர் இல்லை. ஜமீலாவைக் கடையிலிருந்து வரவழைத்து ஆட்டோவில் போனோம்.

டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டார். அது படியவில்லை, கூடாரம் போல நின்றது.

“பாத்தீங்களா? இதான் நீரிழப்பு (உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வற்றிப்போவது). வீட்ல என்ன தண்ணி குடுக்குறீங்க?”

“கேன் தண்ணிதான் மேடம். அதையும் காய்ச்சித்தான் குடுப்போம்” என்றாள் ஜமீலா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “பகல்ல நீங்கதானே பாத்துக்குறீங்க? உங்க வீட்ல?”

“அதேதாம்மா” என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. பிள்ளையின் காலில் நரம்பு தேடி ஊசி குத்தினார்கள். மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. ஒவ்வொரு குத்துக்கும் அவள் “மாமி” என்றுதான் கத்தினாள்.

மறுநாள் காலை நடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக்கோடி கரீமா தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கும் அதே கண், அதே உதடு. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பச்சை மூடி. நான் கொடுத்த பாட்டில். மூடியைத் திருகினாள்.

“அதக் குடுக்காத கரீமா.”

“ஏன் மாமி? நீங்க குடுத்த ஜம்ஜம்தானே? பிள்ளைக்கு ஷிஃபாவா, சுகமா ஆகட்டும்னு எடுத்தாந்தேன்.”

“குடுக்காதம்மா. அதுல பாதிக்கு மேல என் கிணத்துத் தண்ணி.”

சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. ஊசித் தட்டோடு போன நர்ஸ் நின்றுவிட்டார். வார்டு வாசலில் ஜமீலா நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மாவும் திட்டவில்லை. “நேத்து கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? சரி, எத்தனை வீட்டுக்குக் குடுத்தீங்க?”

விரல் விட்டு எண்ணினேன். பதினோரு வீடு.

“போன்ல சொன்னா பாதிப் பேரு நம்ப மாட்டாங்க. நீங்களே போங்கம்மா. உங்க தெருவுக்கு வர்ற சுகாதார நர்ஸ் கூட வருவாங்க. இன்னிக்கே போங்க.”

யார் வீட்டு வாசலிலும் தலை நிமிர்ந்து நிற்காதவள் நான். அன்று பதினோரு வாசலில் நின்றேன். முதல் வீட்டில் நர்ஸம்மாதான் சொன்னார். இரண்டாவது வீட்டிலிருந்து நானே சொன்னேன்.

என்னோடு ஓதப் பள்ளிக்கு வந்த ஆயிஷா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “குடுத்த ஜம்ஜத்தத் திருப்பிக் கேட்டு வந்த மொத உம்ராக்காரி நீதான்டி!” விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. “அடிப்பாவி, நேத்து மருமவளுக்குக் குடுத்தேனேடி. நிறைமாசக்காரி.” உள்ளே ஓடினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

இன்னொரு வீட்டில் ஒரு பையன், “அப்ப நாங்க குடிச்சது உங்க கக்கூஸ் தண்ணியா?” என்று கேட்டான். அவன் உம்மா அவன் வாயைப் பொத்தினாள். அவன் கேட்டதில் தப்பில்லை. “ஆமாம்பா” என்றேன்.

பாட்டில்களை நர்ஸம்மா வாங்கிக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் போனார்கள். அதில் மலக்கிருமி (மனிதக் கழிவிலிருந்து தண்ணீரில் கலக்கும் நுண்ணுயிர்) இருந்தது என்று பிறகு சொன்னார்கள். கேனில் மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. தென்னை வேரில் ஊற்றினேன்.

இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். குளுக்கோஸ் ஏறியபின் ஓ.ஆர்.எஸ். (பொட்டலத்தில் வரும் உப்பும் சர்க்கரையும், சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது) கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் நஸ்ரின் இட்லி கேட்டாள் என்று கரீமா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஜமீலா என்னிடம் பேசவில்லை.

பிள்ளைக்கு வயிற்றால் போனால் அந்த முதல் இரண்டு தடவையிலேயே உப்புக் கரைசல் கொடுங்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மானம் போகும்தான். போனாலும் உயிரோடு இருக்கலாம், நான் இருக்கிறேன்.

கிணற்றைப் பலகை போட்டு மூடியாயிற்று. இப்போது என் நாள் அடுப்பங்கரையில்தான் கழிகிறது. தண்ணீர் கொதிக்கும் நேரம், அது ஆறும் நேரம். முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவிருக்காது. இப்போது ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. சில சமயம் என் புறங்கைத் தோலைப் பிடித்து விடுகிறேன். மெதுவாகத்தான் படிகிறது. வயசானா அப்படித்தான் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் அது படியும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் ஜமீலா கதவைத் தட்டினாள். “பகல் முழுக்க உங்களத்தான் கேக்குறா மாமி. என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று பிள்ளையை இறக்கிவிட்டுப் போனாள். நஸ்ரின் கழுத்தில் சின்ன எவர்சில்வர் பாட்டில் தொங்கியது. என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தாகம் எடுத்ததும் அவள் பாட்டிலிலிருந்து குடித்தாள். எனக்கும் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

தண்ணீர் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி இருக்க வேண்டும், பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்றெல்லாம் நர்ஸம்மா சொன்னார். எனக்கு நினைவில்லை. படித்தவர்கள் யாராவது கேட்டுச் சரிபார்த்துச் சேர்த்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றியது நான்தான். அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.