பன்னெண்டு மணி வரைக்கும் ரீஸ்டார்ட் கிடையாது

பெங்களூர் பொம்மசந்திராவுல ஒரு ஃபேக்டரி. சர்வர் ஆமை மாதிரி நகருது, டெலிவரி சலான் பிரிண்ட் ஆகலை, கேட்ல மூணு லாரி நிக்குது. சர்வரைச் சரி பண்ண காலைல பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பாக்கலாம் மேடம்"னேன்.

ஆஃபீஸைப் பாத்துக்குற லதா மேடம் சுவத்துக் காலண்டரைக் காட்டினாங்க. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம்."

"ரீஸ்டார்ட்டுக்குக் கூடவா மேடம்?"

"ஏதாவது ஆச்சுன்னா? ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க."

செம கடுப்பு. சும்மா உக்கார முடியாம சர்வரோட லாக் ஃபைலைத் தோண்டினேன். டிஸ்க் சாகக் கிடக்குது. பேக்கப் ஓடி நாலு மாசம் ஆச்சு. அவசர அவசரமா டேட்டா மொத்தத்தையும் வெளி டிஸ்க்குல காப்பி பண்ணேன்.

பன்னெண்டு அஞ்சுக்கு ரீஸ்டார்ட் போட்டேன். சர்வர் எழுந்திருக்கவே இல்ல.

வந்ததும் போட்டிருந்தா நாலு மாச ஆர்டரும் போயிருக்கும். காப்பி பண்ணதை வேற மெஷின்ல ஏத்தி, மூணு மணிக்கு லாரிங்க கிளம்பிச்சு.

மேடம் காலண்டரை ஒரு பார்வை பாத்தாங்க.

நாளைக்கு சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு வேற கிளையன்ட். காலண்டரைப் பாத்துட்டு, பத்தரைக்கு மேல வர்றேன்னு மெசேஜ் போட்டுட்டேன். காரணம், சில்க் போர்டு டிராஃபிக்.

யாராவது கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க.