பந்தைத் தொட்டவருக்குத்தான் பிழை

கொக்குவிலில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, ஹொலண்டில் இளமையைக் கழித்து, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கண்மூடிய எங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. "நல்லதை மட்டும் எழுது பிள்ளை" என்று சித்தப்பா தொலைபேசியில் சொன்னார். அண்ணையைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. கெட்டதெல்லாம் எங்களைப் பற்றியது. அதையும் எழுதத்தான் போகிறேன்.

அண்ணை ஹொலண்டில் ஒரு விளையாட்டுக் கழகத்தில் புல் வெட்டும் வேலை செய்தார். அங்கே பேஸ்போல் விளையாடுவார்கள். ஆள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கும் ஒரு கையுறையை மாட்டி, மைதானத்தின் எல்லைக்குக் கிட்ட வெளிக்களத்தில் நிறுத்தினார்களாம். அன்று பிடித்த பைத்தியம். எங்கள் ஆட்கள் கூடினால் கிரிக்கெட்தான் கதைப்பார்கள். அண்ணை மட்டும் அமெரிக்க வெளிக்கள வீரர்களைப் பற்றிக் கதைப்பார். சீசன் முழுக்க ஒரு பந்தையும் நழுவவிடாதவர் யார், எறிகிற கைக்குப் பயந்து எதிரணி ஓடாமலே நின்றதால் ஆட்டமிழக்கச் செய்த கணக்குக் குறைந்துபோனவர் யார், எல்லாம் அவருக்குப் பாடம். "இவருக்கு வேறை வேலையில்லை" என்று சிரித்தோம். கேட்பதற்கு அம்மா மட்டுமே இருந்தார். "ஓம் ராசா, பிறகு?" என்பார். அவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

மிச்சம் வீட்டில் இருந்த அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போனபோது அண்ணை ஹொலண்டை விட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாணமும் அதோடு நின்றது. பதினொரு வருடம் அம்மாவோடு இருந்தார். நான் லண்டனிலேயே இருக்கிற ஹரோவிலிருந்து மாதம் ஒருமுறை வந்து, அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவேன். சித்தப்பா சவுத்தாலிலிருந்து நல்லநாள் பெருநாளுக்கு வருவார்.

ஒரு நாள் காலை அம்மா குளியலறையில் சறுக்கினார். சமையலறையிலிருந்து ஓடிப்போன அண்ணை, விழும்போதே அவர் கையை எட்டிப் பிடித்தார். ஈரக்கை, நழுவிவிட்டது. இடுப்பெலும்பு உடைந்து, மூன்று கிழமையில் அம்மா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கேட்கும்படி சித்தப்பா, "பக்கத்திலை நிண்டும் உனக்குப் பிடிக்கேலாமல் போச்சே?" என்றார். அண்ணை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. செத்தவீடு முழுக்க அதே கதைதான் ஓடியது.

அம்மாவின் நினைவு மலரையும் நான்தான் எழுதினேன். நன்றிப் பக்கத்தில் அண்ணைக்கு ஒரு வரி வைத்திருந்தேன். "சனம் சிரிக்கும், அதை எடு" என்றார் சித்தப்பா. எடுத்தேன். மலர்வளையம் தந்தவர்கள், வடை சுட்டவர்கள், மண்டபத்தில் கதிரை அடுக்கியவர்கள் வரைக்கும் நன்றி வந்தது. அண்ணை அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"வீட்டு ஆக்களுக்கு நன்றி போடுறேல்லைத்தானே அண்ணை" என்றேன். என்ன வெட்கங்கெட்ட வாய் எனக்கு!

"பரவாயில்லை பிள்ளை" என்றார். "பேஸ்போலிலை ஓடிப்போய், பந்து கையிலை பட்டு விழுந்தால்தான் எரர், பிழை எண்டு எழுதுவினம். ஓடாமல் நிண்டவன்ரை பேரிலை ஒண்டும் எழுதமாட்டினம். அவன்ரை கணக்கு சுத்தமாய் இருக்கும்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேஸ்போல் கதைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் நானும் மிச்சம் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். மூன்று வருடம் தனியாக இருந்தார். மாரடைப்பு வந்து விழுந்தபோது, பிடிக்க ஓடிவர ஒருவரும் இல்லை. நாங்கள் அவரவர் வீட்டில் சுகமாக இருந்தோம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். கதவை உடைத்து உள்ளே போன பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி. ஹொலண்டிலிருந்து அவருடைய பழைய கையுறையைக் கொண்டுவந்து சவப்பெட்டியில் வைத்த கழக நண்பர்களுக்கு நன்றி. மலர்வளையத்தோடு வந்த உறவினர்களே, உங்களுக்கும் நன்றி, வேறென்ன சொல்ல. சித்தப்பா, இந்த முறை எடுக்கச் சொல்ல ஏலாது. அச்சடித்து முடிந்த பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது.

அம்மாவின் மலரில் நான் எடுத்த வரி இதுதான்: "பதினொரு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரி வைத்திருந்த எங்கள் அண்ணைக்கு நன்றி." அவர் இதை வாசிக்கப்போவதில்லை. நீங்களாவது இரண்டு தரம் வாசியுங்கள்.

இங்ஙனம்,
ஓர் எரரும் எழுதப்படாத தங்கை,
ஹரோ.